கார் இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் பாலிசிகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், ரினியூவல் நெருங்கும்போது வாடிக்கையாளர்கள் கேட்கும் சந்தேகங்கள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கே சொல்லப்படுபவை இந்தியாவில் பதிவான தனியார் கார்களுக்கு உரிய விதிகள். கணக்குகளில் வரும் ஓ.டி. பிரீமியமும் (உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதியின் பிரீமியம்) ரிப்பேர் தொகைகளும் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பாலிசியில் உள்ள எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோ கிளெய்ம் போனஸ்னா பணமா கையில தருவாங்களா?

தரமாட்டார்கள். 'போனஸ்' என்ற சொல்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஒரு முழுப் பாலிசி ஆண்டில் உங்கள் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்காக நீங்கள் கிளெய்ம் எதுவும் செய்யாமல் இருந்தால், அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தின் ஒரு பகுதியில் தள்ளுபடி கிடைக்கிறது. சுருக்கமாக என்.சி.பி. என்பார்கள். புதுப்பிக்காதவருக்கு அதனால் ஒரு பைசா பயனும் இல்லை.

இதை ஒழுங்காக ஓட்டியதற்கான பரிசு என்று நினைப்பதும் சரியல்ல. நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்று கம்பெனி பார்ப்பதில்லை. கிளெய்ம் எழுந்ததா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கிறது. கீழே வரும் சில பதில்கள் அநியாயமாகத் தோன்றினால், அதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

எத்தனை வருஷத்துக்கு எத்தனை சதவீதம்?

கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டு முடிந்து புதுப்பிக்கும்போது 20 சதவீதம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கிளெய்ம் இல்லையென்றால் 25, மூன்று ஆண்டுகளுக்கு 35, நான்கு ஆண்டுகளுக்கு 45, ஐந்து ஆண்டுகளுக்கு 50. அதற்கு மேல் படி இல்லை. பத்து ஆண்டுகள் கிளெய்மே இல்லாதவருக்கும் 50 சதவீதம்தான். இடையில் ஒரு கிளெய்ம் வந்தால் ஒரு படி மட்டும் இறங்காது. நேராகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து மறுபடி 20-இல் தொடங்கி ஏற வேண்டும்.

இந்தப் படிக்கட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில், 27-ஆவது பொது விதியில் உள்ளது. அதற்கு முன்பு 65 சதவீதம் வரை எட்டியவர்களும் இருந்தார்கள். 2007-இல் ஓ.டி. பிரீமியத்தை நிர்ணயிக்கும் உரிமை கம்பெனிகளுக்கே விடப்பட்டது என்றாலும் படிக்கட்டு மாறவில்லை. ஆகவே ஒரு கம்பெனி 'எங்களிடம் என்.சி.பி. அதிகம்' என்று சொன்னால், அது தன் சொந்தத் தள்ளுபடியையும் சேர்த்துப் பேசுகிறது என்று பொருள்.

50 சதவீதம்னு சொன்னாங்க, ஆனா மொத்தத் தொகை பாதியா குறையலையே?

ஏனென்றால் தள்ளுபடி மொத்தத் தொகைக்குக் கிடையாது. கார் பாலிசியில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி ஓன் டேமேஜ், அதாவது ஓ.டி.; உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கான பகுதி தேர்ட் பார்ட்டி. என்.சி.பி. ஓ.டி. பிரீமியத்துக்கு மட்டுமே உரியது. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. அதற்கு என்.சி.பி. தள்ளுபடி கிடையாது.

ஓ.டி. பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையிலான தனியார் காருக்கு, 2022 ஜூன் 1 முதல் அறிவிக்கப்பட்ட தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய். இரண்டும் சேர்ந்து 15,416. உங்களுக்கு 50 சதவீத என்.சி.பி. இருந்தால் ஓ.டி. 6,000 ஆகும், மொத்தம் 9,416. அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய 39 சதவீதக் குறைவு. இதன்மேல் விபத்துக் காப்பீடு, ஆட்-ஆன்கள் (தனிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பாதுகாப்புகள்), 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறும்போது, பாதி என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பாலிசி ஷெட்யூலில் (பிரீமியக் கணக்கும் தேதிகளும் அச்சாகியிருக்கும் தாள்) 'லெஸ்: நோ கிளெய்ம் போனஸ்' என்ற வரி எந்தத் தொகைக்குக் கீழே கழிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு முறை பார்த்தால் உங்கள் கணக்கு விளங்கிவிடும்.

என் கார் ஒருத்தர் மேல மோதிடுச்சு, அவர் கேஸ் போட்டிருக்கார். என் போனஸ் போயிடுமா?

அவர் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பது தேர்ட் பார்ட்டி பகுதியைச் சேர்ந்தது. மேலே சொன்னபடி என்.சி.பி. ஓ.டி. பகுதியில் இருப்பதால் அதனால் பாதிக்கப்படாது. ஆனால் அதே விபத்தில் நொறுங்கிய உங்கள் ஹெட்லைட்டுக்காக நீங்கள் கிளெய்ம் செய்தால், அது ஓ.டி. கிளெய்ம், போனஸ் போய்விடும்.

கேஸ் வராது என்ற நினைப்பில் விபத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. விபத்தைத் தெரிவிப்பது வேறு, உங்கள் காருக்குப் பணம் கேட்பது வேறு. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் தெரிவிப்பது உங்கள் கடமை.

காரை வித்துட்டா போனஸும் காரோட போயிடுமா?

போகாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்: போனஸ் காருக்கோ பாலிசிக்கோ சொந்தமானதல்ல, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அந்த நபருக்குச் சொந்தமானது. பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்கும்போது, சேர்த்து வைத்த சதவீதத்தைப் புதிய காரின் முதல் பாலிசியிலேயே பயன்படுத்திக்கொள்ளலாம்.

அப்போது அதன் மதிப்பும் கூடிவிடும். பழைய காரின் ஓ.டி. பிரீமியம் 6,000 ரூபாயாக இருந்தால் 50 சதவீதம் என்பது 3,000 ரூபாய். புதிய காரின் ஓ.டி. பிரீமியம் 24,000 என்றால் அதே 50 சதவீதம் 12,000 ரூபாய். ஷோரூமில் போட்டுக் கொடுக்கும் பாலிசியில் இதைக் கேட்டு வாங்காமல் விடுபவர்கள் இன்னும் ஏராளம். வண்டி எடுக்கிற மகிழ்ச்சியில் இன்சூரன்ஸ் தாளை யாரும் படிப்பதில்லை.

அதுக்கு என்ன கடிதம் வாங்கணும்?

பழைய கம்பெனியிடம் 'என்.சி.பி. ரிசர்விங் லெட்டர்' என்று கேளுங்கள். விற்பனைக்கு ஆதாரமாகப் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றின் நகல்கள், வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட், அல்லது வாங்கியவர் பெயருக்கு மாறிய ஆர்.சி. புக்கின் நகல், இவற்றில் எது கேட்கப்படுகிறதோ அதோடு பழைய பாலிசியின் நகலையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

உடனே வேறு கார் வாங்காதவர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்த மூன்று ஆண்டு கடைசிப் பாலிசி காலாவதியான நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. காரை விற்ற நாளிலிருந்தோ கடிதம் வாங்கிய நாளிலிருந்தோ அல்ல. கிடைக்கும் சதவீதம், கடைசியாக முழுமையாக முடிந்த பன்னிரண்டு மாதப் பாலிசியின் முடிவில் நீங்கள் எட்டியிருந்த சதவீதம்தான். பாலிசி ஆண்டின் நடுவில் விற்றவருக்கு அந்த அரை ஆண்டு ஒரு படியாகக் கணக்கில் வராது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். பழைய ஓனருக்கு 50 சதவீதம் இருந்துச்சு, அது எனக்கு வருமா?

வராது, அது பழைய உரிமையாளரின் சொத்து. கார் கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு கைமாற்றத்தோடு சட்டப்படி தானாகவே உங்களுக்கு வந்துவிடும், ஓ.டி. பாதுகாப்பு அப்படி வராது. பெயர் மாற்றும்போது, பாலிசியில் பழைய உரிமையாளருக்குக் கொடுத்திருந்த போனஸுக்கும் உங்களுக்கு உரிய போனஸுக்கும் உள்ள வித்தியாசத்தை, மீதமுள்ள நாட்களுக்குக் கணக்கிட்டு உங்களிடம் வாங்குவார்கள். நீங்கள் முன்பு வேறொரு கார் வைத்திருந்து அதன் போனஸை ரிசர்வ் செய்திருந்தால், அதை இங்கே பயன்படுத்தலாம்.

'பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அப்படியே ஓட்டுங்கள்' என்று விற்பவர் தாராளமாகச் சொல்வதுண்டு. பெயர் மாறாத அந்தப் பாலிசியை நம்பி ஓட்டினால், வண்டி சேதமான நாளில் பணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது.

அப்பா பேர்ல இருந்த காரை என் பேருக்கு மாத்தினேன். ஒரே வீடுதானே, போனஸ் குறைஞ்சது ஏன்?

வீடு ஒன்றாக இருந்தாலும் பாலிசிதாரர் வேறு. அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் பெயருக்கோ, கணவர் மனைவி பெயருக்கோ ஆர்.சி.யை மாற்றினால் அது சாதாரண உரிமை மாற்றம்தான். முந்தைய பதில் அப்படியே பொருந்தும். அப்பா அடுத்து வேறு கார் வாங்கினால் அவருடைய போனஸ் அவருக்குக் கிடைக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பாலிசிதாரர் இறந்துபோய், கார் அவருடைய கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரில் ஒருவரிடம் வந்து சேர்ந்தால், அவர் சேர்த்த போனஸும் அவர்களுக்கு வரும். துக்க வீட்டில் இந்தத் தாள்களை யாரும் தேடுவதில்லை. ஆகவே பாலிசி காலாவதியாகும் தேதியை மட்டும் வீட்டில் யாராவது ஒருவர் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆபீஸ் கொடுத்த காரை நானே வாங்கிட்டேன். அப்பவும் பூஜ்யமா?

பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கார் உங்களுக்கே ஒதுக்கப்பட்டு, நீங்கள் மட்டுமே பயன்படுத்திய காலத்தில் சேர்ந்த போனஸ், கார் உங்கள் பெயருக்கு மாறும்போது உங்களுக்குக் கிடைக்கும். அதை உறுதிப்படுத்தி நிறுவனம் ஒரு கடிதம் தர வேண்டும். வேலையை விட்டு விலகும்போது வாங்க வேண்டிய தாள்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து எச்.ஆர். பிரிவைத் தேடிப் போய் வாங்குவது கடினம்.

பைக்குல சேர்த்த போனஸை காருக்குப் போட முடியுமா?

முடியாது. ஒரே வகை வாகனங்களுக்கு இடையில் மட்டுமே மாற்றலாம்: தனியார் காரிலிருந்து தனியார் காருக்கு, இருசக்கர வாகனத்திலிருந்து இருசக்கர வாகனத்துக்கு. ஒரே ஆளிடம் இரண்டு கார் இருந்தால் ஒவ்வொன்றின் பாலிசியும் தனித்தனியாகப் படி ஏறும். ஒரே போனஸை இரண்டு காருக்கும் காட்ட முடியாது.

கம்பெனியை மாத்தினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். போனஸ் உங்களுடையது என்பதால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். பழைய கம்பெனியின் ரினியூவல் நோட்டீஸோ போனஸை உறுதிசெய்யும் கடிதமோ போதும். இரண்டும் இல்லாவிட்டால் நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்கலாம். அந்த உறுதிமொழியில் உள்ள ஆபத்தைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ரினியூவல் தேதி தாண்டிடுச்சு. எல்லாம் போச்சா?

பாலிசி முடிந்த 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் போனஸ் தப்பிக்கும். 90 நாட்களைத் தாண்டினால், ஐந்து ஆண்டு சேர்த்ததாக இருந்தாலும் போய்விடும். காரை விற்றவர்களுக்கும், ஓட்டாமல் நிறுத்தி வைத்தவர்களுக்கும்தான் மேலே சொன்ன மூன்று ஆண்டு அவகாசம், மறந்துபோனவர்களுக்கு இல்லை.

90 நாள் என்பது போனஸுக்கான அவகாசம் மட்டுமே, பாதுகாப்புக்கானது அல்ல. பாலிசி முடிந்த நள்ளிரவிலிருந்து உங்கள் காருக்குக் காப்பீடு இல்லை. தேர்ட் பார்ட்டி பாதுகாப்பும் இல்லாமல் சாலையில் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. தாமதமாகப் புதுப்பிக்கும்போது காரைப் பரிசோதித்த பிறகே ஓ.டி. பாதுகாப்பு கொடுப்பார்கள்.

எனக்கு மூணு வருஷ பாலிசி இருக்கே, ஏன் வருஷா வருஷம் ரினியூவல்னு கூப்பிடுறாங்க?

அண்மைக் காலத்தில் அதிகம் பேர் போனஸை இழப்பது இந்தத் தவறான எண்ணத்தால்தான். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். ஆனால் அதோடு சேர்த்து வாங்கும் ஓ.டி. பகுதி பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு மட்டுமே இருக்கும். ஷெட்யூலில் இரண்டு காலாவதித் தேதிகள் அச்சாகியிருக்கும். பெரிய தேதி கண்ணில் படும், சின்ன தேதி படாது.

முதல் ஆண்டு முடிந்ததும் ஓ.டி. பகுதியைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கென்றே தனி ஓ.டி. பாலிசிகள் 2019 செப்டம்பரிலிருந்து கிடைக்கின்றன. தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியிலும் ஓ.டி. வேறொரு கம்பெனியிலும் இருக்கலாம். 'செலவைக் குறைக்கலாம், ஒரு வருடம் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும்' என்று முடிவு செய்பவர்களுக்கும் இதே நிலைதான். ஓ.டி. நின்ற 90 நாட்களில் போனஸ் போய்விடும். அடுத்த ஆண்டு மனம் மாறி ஓ.டி. எடுத்தால் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

பம்பர்ல சின்ன கீறல். கிளெய்ம் பண்ணலாமா, கைக்காசு போடலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலோர் தவறாகக் கணக்குப் போடும் கேள்வியும் இதுதான். முதலில் கையில் எவ்வளவு வரும் என்று பாருங்கள். கேட் தூணில் உரசி பம்பர் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 6,000, வேலைக் கூலி 1,000, பெயின்ட் 3,000. பில் 10,000 ரூபாய். ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன்) எடுக்காதவருக்கு பிளாஸ்டிக் பாகத்தில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிந்துவிடும். அதில் 3,000 போயிற்று. பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 375. கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1500 சி.சி. வரையிலான காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000. ஆக, சிறிய காருக்குக் கையில் வருவது 5,625 ரூபாய். ஜீரோ டெப் இருந்தால் 9,000.

இனி இழப்பு. இப்போது 35 சதவீதத்தில் இருப்பவர், 12,000 ரூபாய் ஓ.டி. பிரீமியத்தில் கிளெய்ம் செய்கிறார். செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம் கிடைத்திருக்கும், செய்ததால் பூஜ்யம். வித்தியாசம் 5,400 ரூபாய். பெரும்பாலோர் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு 50-க்குப் பதில் 20, இழப்பு 3,600. மூன்றாம் ஆண்டு 50-க்குப் பதில் 25, இழப்பு 3,000. நான்காம் ஆண்டு 1,800. ஐந்தாம் ஆண்டு 600. கூட்டினால் 14,400 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இதே கணக்கை 50 சதவீதத்தில் இருப்பவருக்குப் போட்டால் 15,000. புதிய கார் வாங்கி முதல் ஆண்டிலேயே கிளெய்ம் செய்பவருக்கு 6,000 மட்டுமே. படி ஏற ஏற கிளெய்மின் விலையும் ஏறுகிறது.

ஆனால் 14,400 என்பது உச்ச வரம்பு. காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் ஓ.டி. பிரீமியமும் பொதுவாக இறங்கும். இன்னொன்று, ஐந்து ஆண்டுகளுக்குள் வேறொரு பெரிய கிளெய்ம் வந்துவிட்டால் இன்று காப்பாற்றிய போனஸ் அப்போது எப்படியும் போகத்தான் போகிறது. ஆகவே நான் முதல் இரண்டு ஆண்டு இழப்பை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். இந்த உதாரணத்தில் அது 9,000, ஜி.எஸ்.டி.யோடு 10,620. கையில் வரும் தொகை அதைத் தாண்டவில்லையென்றால் கைக்காசு போடுவதுதான் லாபம். அதற்காகப் பெரிய சேதத்திலும் போனஸைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 60,000 ரூபாய் பில்லைத் தாமே கட்டிவிட்டு 'என் போனஸ் பத்திரமாக இருக்கிறது' என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் பண்ணிட்டேன். இன்னொண்ணு பண்ணினா இன்னும் குறையுமா?

பூஜ்யத்துக்குக் கீழே படி இல்லை. ஒரே பாலிசி ஆண்டில் ஒரு கிளெய்ம் செய்தவருக்கு, இரண்டாவது கிளெய்மால் கூடுதல் என்.சி.பி. இழப்பு ஏற்படாது, ஆகவே முந்தைய பதிலில் சொன்ன கணக்கு அந்த ஆண்டு முழுவதும் பொருந்தாது. கட்டாயக் கழிவு மட்டும் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கழியும். ஜீரோ டெப் ஓர் ஆண்டில் எத்தனை கிளெய்முக்குப் பொருந்தும் என்பதற்குப் பல பாலிசிகளில் வரம்பு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கிளெய்ம் செய்பவருக்குக் கம்பெனி தன் சொந்தத் தள்ளுபடியைக் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

மூன்று ஆண்டாகச் சேர்ந்த நசுங்கல்களை எல்லாம் 'ஒரே விபத்து' என்று எழுதித் தருவது இதில் சேராது. துருப்பிடித்த நசுங்கலுக்கும் நேற்றைய நசுங்கலுக்கும் உள்ள வித்தியாசம், சேதத்தைப் பார்த்து மதிப்பிட வரும் சர்வேயருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

கிளெய்ம் பதிவு பண்ணிட்டேன், இப்ப வேண்டாம்னு தோணுது. திரும்ப எடுக்கலாமா?

பணம் வழங்கப்படுவதற்கு முன் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். ஆனால் விதியின் சொற்களைக் கவனியுங்கள்: கிளெய்ம் எழுப்பப்படாத, நிலுவையிலும் இல்லாத ஆண்டுக்கே போனஸ் என்கிறது அது. ஆகவே கிளெய்ம் எண் வெறுமனே திறந்தபடி கிடந்தால் ரினியூவல் நேரத்தில் சிக்கல் வரும். 'இந்தக் கிளெய்ம் பணம் வழங்கப்படாமல் முடிக்கப்பட்டது' என்று கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கி, கணக்குப் போட்டு முடிவெடுத்த பிறகு பதிவு செய்வது இதைவிட எளிது. அந்தக் கணக்கை அன்றைக்கே போட்டுவிடுங்கள். தாமதமாகத் தெரிவித்தால் அதுவே இன்னொரு சிக்கல்.

பின்னாடி வந்து இடிச்சது அவன். என் போனஸ் ஏன் போகணும்?

முதல் பதிலில் சொன்ன காரணம்தான்: இது தவறு இல்லை என்பதற்கான போனஸ் அல்ல, கிளெய்ம் இல்லை என்பதற்கான போனஸ். உங்கள் ஓ.டி. பகுதியிலிருந்து பணம் வாங்கினால், தவறு யாருடையதாக இருந்தாலும் அது கிளெய்ம்தான். வெள்ளமும் அப்படியே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் வாசலில் நிறுத்தியிருந்த காரே மூழ்கியபோதும், கிளெய்ம் செய்தவருக்கு இந்த விதிதான்.

போனஸைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மாற்று வழி ஒன்று உண்டு: இடித்தவருடைய தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து இழப்பீடு கேட்கலாம். தனியார் கார் பாலிசிகளில் பிறர் பொருளுக்கான பாதுகாப்பு பொதுவாக 7,50,000 ரூபாய் வரை இருக்கும். ஆனால் அதற்குப் போலீஸ் புகார், தீர்ப்பாயத்தில் மனு, விசாரணை என்று நீண்ட வழி நடக்க வேண்டும். இடித்தவர் சம்பவ இடத்திலேயே ஒப்புக்கொண்டு செலவைக் கொடுத்துவிட்டால் மட்டுமே இது எளிதாக முடியும்.

என்.சி.பி. புரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் சொல்றாங்க. அவசியமா?

கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, பாலிசி ஆண்டில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் கிளெய்ம் வந்தாலும் போனஸைப் பூஜ்யமாக்காமல் விடும் ஆட்-ஆன் அது. எத்தனை கிளெய்ம் வரை, போனஸ் இருந்த இடத்திலேயே நிற்குமா அல்லது அடுத்த படிக்கும் ஏறுமா, கார் திருடு போனால் பொருந்துமா என்பவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேலே போட்ட கணக்கின்படி, 20 சதவீதத்தில் இருப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. 45, 50-இல் இருந்து, நெரிசலான சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு யோசிக்கத் தகுந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். இது அந்தக் கம்பெனியோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். கிளெய்ம் செய்த ஆண்டின் முடிவில் வேறு கம்பெனிக்கு மாறினால், காப்பாற்றப்பட்ட போனஸை அவர்கள் ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிசி முடிய பத்து நாள் இருக்கும்போதே ரினியூ பண்ணிட்டேன். அந்தப் பத்து நாள்ல விபத்து ஆயிடுச்சே?

அந்தக் கிளெய்ம் பழைய பாலிசியைச் சேர்ந்தது. அதைச் செய்த கணமே, புதிய பாலிசியில் ஏற்கெனவே கழித்துக் கொடுத்த போனஸ் தவறானதாகிவிடுகிறது. புதிய பாலிசி அதே கம்பெனியானாலும் வேறு கம்பெனியானாலும், நீங்களே தெரிவித்து வித்தியாசத் தொகையைக் கட்டிவிட வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் அடுத்த பதிலில் சொல்லும் நிலைமைதான்.

ஆன்லைன்ல 'போன வருஷம் கிளெய்ம் உண்டா'னு கேட்டான், 'இல்லை'னு தட்டிட்டேன். யாரு பார்க்கப் போறாங்க?

பார்ப்பார்கள், பணம் வாங்கும்போது அல்ல, பணம் கொடுக்க வேண்டி வரும்போது. அந்த ஒரு தட்டல்தான் நான் முன்பு குறிப்பிட்ட உறுதிமொழி. அது தவறென்று தெரிந்தால் பாலிசியின் முதல் பிரிவின் பலன்கள், அதாவது உங்கள் காருக்கான பாதுகாப்பு முழுவதும், பறிபோகும் என்று அந்த உறுதிமொழியிலேயே எழுதியிருக்கிறது. குறைவது தள்ளுபடி மட்டும் அல்ல. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய ஒருவர், திரையில் தானாக வந்த 50 சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டார். ஏழு மாதம் கழித்து ஒரு லாரி உரசிப் பக்கவாட்டுக் கதவுகள் இரண்டும் போயின. பழைய கம்பெனியிடமிருந்து 'அந்தப் போனஸ் முந்தைய உரிமையாளருடையது' என்ற பதில் வந்ததும் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அவர் மிச்சப்படுத்திய தொகை, அந்த இரண்டு கதவுகளில் ஒன்றின் விலைக்குக்கூட வராது.

கம்பெனிக்கும் கடமை உண்டு. உறுதிமொழியை நம்பிப் போனஸ் கொடுத்தால் 21 நாட்களுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பழைய கம்பெனி 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டு, கிளெய்ம் வந்த பிறகு மட்டும் தோண்டி எடுத்தால், நுகர்வோர் ஆணையத்தில் அதை நீங்கள் வாதமாக வைக்கலாம். ஆனால் தவறாகத் தட்டிவிட்டோம் என்று இன்றே தெரிந்தால், வழக்குக்குக் காத்திருக்காமல் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, வித்தியாசத்தைக் கட்டி, எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த திருத்தத்துக்கான தாள், வாங்கிவிடுங்கள். விபத்துக்கு முன் செய்தால் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும்.

சிங்கப்பூர்ல அஞ்சு வருஷம் கிளெய்மே இல்லாம ஓட்டினேன். ஊருக்கு வந்து கார் வாங்கினா அது செல்லுமா?

செல்லும், இது தெரியாமல் பூஜ்யத்திலிருந்து தொடங்கியவர்கள் பலர். வெளிநாட்டில் சேர்த்த போனஸுக்கு ஆதாரம் காட்டினால், அந்த வெளிநாட்டுப் பாலிசி முடிந்த மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவில் எடுக்கும் புதிய பாலிசியில், இங்குள்ள விதிகளுக்கு உட்பட்டு அதைக் கொடுக்க இடமுண்டு. பாலிசி உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். நண்பர் பெயரில் இருந்த காரை ஓட்டியது கணக்கில் வராது.

படிக்கட்டு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூரில் தனியார் காருக்கு 10-இல் தொடங்கிப் பத்துப் பத்தாக 50 வரை ஏறும். ஒரு கிளெய்ம் வந்தால் 50-இல் இருப்பவர் 20-க்கு இறங்குவாரே தவிரப் பூஜ்யத்துக்கு அல்ல. இங்கே வந்த பிறகு அந்தச் சலுகை கிடையாது. பெயர், கார் எண், பாலிசி காலம், சதவீதம், கிளெய்ம் விவரம் எல்லாம் இருக்கும்படியான கடிதத்தை, அங்கே காரை ஒப்படைத்துப் பாலிசியை முடிக்கும் அன்றே கம்பெனியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு மின்னஞ்சலில் துரத்தி வாங்குவதற்குள் புதிய காரின் முதல் பாலிசி போட்டு முடிந்திருக்கும்.